டாக்டர் பிள்ளைகளைப் பெற்ற கடலூர்க்காரர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு டாக்டர் பெண்ணின் அம்மா எழுதுகிறேன். கல்யாணப் பந்தியிலும் பாடலீஸ்வரர் கோயில் வாசலிலும் நாம் ஒருவரையொருவர் கேட்பது ஒன்றுதான்: "பிஜி கிடைச்சுதா? இன்னும் எத்தனை தடவை எழுதுவா?"

என் மகளுக்கு, எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பார்த்து நோயைச் சொல்லும் ரேடியாலஜி மேல் ஆசை. எம்பிபிஎஸ் முடித்தவர்கள் பிஜி என்கிற மேற்படிப்பில் சேர எழுதும் நீட் பிஜி தேர்வை மூன்று முறை எழுதிவிட்டாள். 200 கேள்வி, 800 மதிப்பெண், தப்பான பதிலுக்கு ஒரு மதிப்பெண் குறையும். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். அதுதான் கஷ்டமே. போதும் என்று தேர்வு சொல்லாது, நாமேதான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

தேதியும் நம் கையில் இல்லை. 2024இல் முதலில் மார்ச் 3 என்றார்கள், பிறகு ஜூலை 7, அப்புறம் ஜூன் 23. ஜூன் 22 ராத்திரி சென்னையில் ஒரு லாட்ஜ் அறையில் அவள் ஹால் டிக்கெட்டில் போட்டோ ஒட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் தேர்வைத் தள்ளிவைத்த செய்தி போனில் வந்தது. பசை காயவில்லை என்று அதை மடிக்காமல் கட்டில் மேல் வைத்தாள். அழவில்லை. நான்தான் வாயை அடக்காமல், "போன தடவையே கிடைச்சதை எடுத்திருக்கலாம்" என்றேன். கடைசியில் ஆகஸ்ட் 11இல் எழுதினாள். நான் சொன்ன சொல் மட்டும் எங்கள் இருவருக்கும் நடுவே ரொம்ப நாள் இருந்தது.

மூன்றாவது முடிவுக்குப் பிறகு ஒரு சாயங்காலம் சில்வர் பீச்சில் உட்கார்ந்து, அவள் பேச நான் கேட்டேன். "மார்க்கைப் பாக்காதம்மா, பேப்பர் வருஷா வருஷம் மாறும். ரேங்க்கைப் பாரு" என்றாள். இரண்டாம் முறை ரேங்க் நன்றாக முன்னேறியிருந்தது. மூன்றாம் முறை அங்கேயே நின்றுவிட்டது. அதனால் இன்னும் ஒரே ஒரு நீட். கூடவே, வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கும், ஜிப்மர், எய்ம்ஸ் போன்ற மத்திய அரசு மருத்துவ நிறுவனங்களில் பிஜி சேர்வதற்கான ஐஎன்ஐ தேர்வு. அதற்கப்புறம் ஜெனரல் மெடிசினோ மயக்கவியலோ கிடைத்தால் சேர்ந்துவிடுவாள். நோயாளியைப் பார்க்காமல், உடம்பு எப்படி இயங்குகிறது என்று பாடம் நடத்தும் பிசியாலஜி வேண்டாம் என்றாள். மூன்று வருஷம் படித்து ஆயுசு முழுக்கச் செய்யப்போகிற வேலை, வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது. அதுவரை வாரத்தில் மூன்று நாள் நைட் டூட்டி பார்க்கிறாள். நோயாளியைத் தொடாமலே இருந்தால் கை மறந்துவிடுமாம்.

உங்கள் வீட்டிலும் இப்படி உட்கார்ந்து பேசுங்கள். ரிசல்ட் வந்த அன்றைக்கு வேண்டாம், அதற்கு ரொம்ப முன்னாலேயே. எத்தனையாவது முறையோடு நிறுத்துவது, வேறு எந்தப் பிரிவுக்குச் சம்மதம் என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு அரசு டாக்டர்களுக்கென்று பிஜியில் ஒதுக்கும் சர்வீஸ் கோட்டாவில் முயல்கிறேன் என்றால் அதையும் காதுகொடுத்துக் கேளுங்கள். பெண் பிள்ளை என்றால், அந்தப் பேச்சில் வரன் விஷயத்தைக் கலக்காதீர்கள். இரண்டையும் சேர்த்துப் பேசினால் அவள் வாயே திறக்கமாட்டாள்.

அடுத்த முகூர்த்தத்தில் என் மகளை எங்காவது பார்த்தால், "சாப்பிட்டியாம்மா" என்று கேளுங்கள். பிஜி பற்றிச் சொல்ல இருந்தால் அவளே சொல்வாள்.

அன்புடன்,
ஒரு அம்மா