வால் சக்கரமா, மூக்குச் சக்கரமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறு விமானம் ஓடுபாதையை விட்டு விலகிய செய்திக்கு, 'விமானி தூங்கிவிட்டாரா?' என்று தலைப்பு போட்டிருந்தீர்கள். கொஞ்சம் நிதானித்திருக்கலாம்.

பயிற்சி விமானங்களைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் காலத்தில் புஷ்பக்தான். 1958-இல் முதலில் பறந்த சிறு பயிற்சி விமானம்; எச்.ஏ.எல். என்ற அரசு விமானத் தொழிற்சாலையின் தயாரிப்பு, துணி போர்த்தியது, வால் சக்கரம் வைத்தது. அதன் எடை மையம் முன்னால் உள்ள பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். தரையில் ஓடும்போது மூக்கு லேசாகத் திரும்பினாலும் பின்பாரம் அதை இன்னும் திருப்பிவிடும். வேகம் குறையக் குறைய வால் சுக்கான் சொன்ன பேச்சு கேட்காது. பக்கக் காற்றோ வாலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இறங்கியாயிற்று என்று சுக்கானைத் திருப்பும் பெடலில் காலைத் தளர்த்தினால் தீர்ந்தது, விமானம் தரையிலேயே சுழன்றுவிடும்.

அப்படிச் சுழன்ற ஒரு மாணவர் காயமின்றித் தப்பினார். இறக்கை நுனியில் துணி கிழிந்து, உள்ளே ஒரு பிடி அருகம்புல்! நான்தான் பிடுங்கி எடுத்தேன்.

மூக்குச் சக்கரம் உள்ள செஸ்னா 172 போன்ற சிறு விமானத்தில் இந்தத் தொல்லை குறைவு. அடியோடு இல்லை என்று சொல்ல மாட்டேன். இனி இப்படிச் செய்தி வந்தால், எந்த வகைச் சக்கரம், காற்று எந்தப் பக்கம் என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள்.

- ஒரு பழைய மெக்கானிக், பல்லாவரம்