தலைமாடு உயராத வாடகைக் கட்டில் குறித்துப் புகார்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஆறு முறை போனில் பேசியும் ஒன்றும் நடக்காததால் எழுதுகிறேன். அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்று நீங்கள் இறக்கிவிட்டுப் போன அதே கட்டில்தான். தலைமாட்டுப் பொத்தானை அமுக்கினால் 'கிர்' என்று சத்தம் வருகிறது, கட்டில் அசையவில்லை. உங்கள் கட்டில், உங்களுக்குத் தெரியாததா?

அம்மாவுக்குப் பக்கவாதம். மூக்குக் குழாய் வழியாகத்தான் பால். கொடுக்கும்போது தலைமாடு 30 டிகிரிக்குக் குறையக் கூடாது, கொடுத்த பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும், இல்லையென்றால் பால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று வார்டு தாதி படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். இப்போது அப்பா அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்து தன் நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொள்கிறார். 74 வயதில், ஒரு நாளைக்கு ஆறு தடவை. இதற்கா மாதம் 280 வெள்ளி?

செவ்வாய்க்கிழமை போனை எடுத்த பெண் சொன்னது: "உங்களால் பார்க்க முடியவில்லை என்றால் ஹோமில் விட்டுடுங்க அக்கா." அம்மா பக்கத்தில்தான் படுத்திருந்தார். பேச்சு வராதே தவிர, காது நன்றாகக் கேட்கும். அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்றே நினைவில்லை.

அதற்கும் முன்னால், பிறை ஊரில் உள்ள உங்கள் கிடங்குக்கு வரச் சொன்னீர்கள். "வேறு ரிமோட் தருகிறோம், நேரில் வாருங்கள்" என்றார்கள். சம்பளமில்லாத விடுப்பு போட்டு, ஜெலுத்தோங்கிலிருந்து மோட்டாரில் போய், ஃபெர்ரி ஏறி, மழையில் நனைந்து வந்து சேர்ந்தால் கிடங்கு பூட்டியிருந்தது. தைப்பூச விடுமுறையாம்! பினாங்கில் தைப்பூசத்துக்கு லீவு என்பது வரச் சொன்னவருக்குத் தெரியாதா?

பயிற்சி விஷயம் வேறு. வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க இரண்டு முறை தாதி வருவார் என்று சொல்லித்தான் முன்பணம் 500 வெள்ளி வாங்கினீர்கள். ஒருவரும் வரவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பதையெல்லாம் பக்கத்து வீட்டு அக்காதான் காட்டிக்கொடுத்தார். இந்த மூன்று வாரத்தில் என் உடம்பும் போச்சு, வேலையும் போகும் நிலை. என் வாழ்க்கையையே நாசமாக்கிவிட்டீர்கள்.

தயவுசெய்து வெள்ளிக்கிழமைக்குள் வேறு கட்டில் அனுப்புங்கள், தாதியையும் அனுப்புங்கள். அந்தப் பெண் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், என்னிடம் இல்லை. இல்லையென்றால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போவேன், பயனீட்டாளர் தீர்ப்பாயத்திலும் வழக்குப் போடுவேன். அங்கே மனுப் போட 5 வெள்ளிதான், வக்கீலும் வேண்டாம். நீங்கள் தந்த ரசீதுகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன.

நல்லபடியாக முடித்துக் கொடுத்தால் நன்றியோடு இருப்பேன். வருவதற்கு முன் நேரம் கேட்டுப் போன் பண்ண வேண்டாம். இந்த வீட்டில் எந்நேரமும் ஆள் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஜெலுத்தோங், பினாங்கு