உமது இரவு நேர வாய் உலர்வு பற்றி

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. பேத்தி பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான செய்தி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி தந்தது. ஆனால், நள்ளிரவில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு விழிப்பு வருகிறதென்றும், அதற்காகக் கட்டிலருகே செம்பு நிறையத் தண்ணீர் வைத்துக் குடிப்பதாகவும் எழுதியிருந்தீர். போன மாரி முழுவதும் எனக்கும் அதே தொல்லை இருந்தமையால், அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

உறங்கும்போது உமிழ்நீர் சுரப்பது எவருக்கும் வெகுவாகக் குறைந்துவிடும். நாளொன்றுக்குச் சுரக்கும் அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றரில் இரவின் பங்கு மிகச் சொற்பம்; அந்தச் சொற்பத்தையும் வாயால் விடும் மூச்சு உலர்த்திவிடுகிறது. செம்பு செம்பாகக் குடித்தாலும் அந்த மூச்சு நிற்கப்போவதில்லை, சலம் கழிக்க எழும்புவதுதான் மிச்சம். தண்ணீரைப் பகலிலேயே வேண்டிய அளவு குடித்துவிட்டால், இரவில் ஓரிரு மிடறு போதும்.

எங்கள் கடற்கரைப் பக்கத்துக் காற்றில் முறுக்குப் போத்தலை மூட மறந்தால் மறுநாளே நமுத்துப்போகும். இவ்வளவு ஈரத்திலும் வாய் வறண்டால் காற்றைக் குறைசொல்ல முடியாது. (இரவு முழுவதும் ஏசி ஓடும் அறை வேறு கதை.) எனக்கு மூக்கடைப்பே காரணமாயிற்று. கொதித்தாறிய நீரில் கரைத்த உப்பால் படுக்குமுன் மூக்கைக் கழுவி, ஒருக்களித்துப் படுக்கத் தொடங்கிய பின், பெரும்பாலான இரவுகளில் வாய் மூடியே இருப்பதாக மனைவி சாட்சி சொல்கிறார்.

உம்மைப் பொறுத்தவரை என் சந்தேகம் வேறு. கால் எரிவுக்கு இரவில் எடுக்கும் அமிற்றிப்ரிலின், தும்மலுக்கு வைத்தியரைக் கேளாமல் கடையில் வாங்கிப் போடும் பிரிற்றன் ஆகிய இரண்டுமே வாயை உலர்த்துபவை. முதலாவதை உமது எண்ணப்படி நிறுத்திவிட வேண்டாம். அளவையோ நேரத்தையோ மாற்றலாமா என்று வைத்தியரிடம் கேளும். இரண்டாவதற்கு வாயை அவ்வளவு உலர்த்தாத மாற்று மருந்துகள் உண்டு. தாகமும் சலமும் கூடியிருந்தால் இரத்தத்தில் சீனியின் அளவையும் பார்க்க வேண்டும். குறட்டையின் நடுவே மூச்சு நின்று திணறுவதாக வீட்டார் சொன்னால், அதையும் மறைக்காதீர்.

எனக்கு மிகுந்த கவலை தருவது, நீர் தலையணைக்கடியில் வைத்திருக்கும் மின்ற் ரொபிதான். பல்லை அரிக்கும் அமிலத்தைத் தணிப்பது உமிழ்நீர். அது வற்றிய வாயில் இரவெல்லாம் சீனி ஊறினால், பல்முரசு இறங்கிய இடத்தில் வேர்ப்பக்கமாகச் சூத்தை பிடிக்கும். அதற்குப் பதிலாகச் சைலிற்றோல் என்ற இனிப்பூட்டி சேர்ந்த, சீனியில்லாத சூயிங்கத்தை மாலையில் மெல்லலாம். படுக்குமுன் புளோரைட் பற்பசையால் துலக்கி, நுரையைத் துப்பிவிட்டு, கொப்பளிக்காமல் விடும். மதுசாரம் கலந்த வாய் கழுவும் திரவம் வேண்டாம். இராச்சாப்பாட்டுக்குப் பின் சாயம் கூடிய வெறுந்தேத்தண்ணீரும் வேண்டாம் என்பதை, உம்மிடம் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

அடுத்த கிளினிக் நாளில் கொப்பியோடு, கடையில் வாங்கிய குளிசை அட்டைகளையும் பையில் எடுத்துச் சென்று காட்டும். வைத்தியர் எதை மாற்றினார் என்பதை மறவாமல் எழுதும்.

இப்படிக்கு,
உமது பழைய நண்பன்