விபத்துச் செய்தியில் இந்தக் கேள்வியையும் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் மட்டுமில்லை, எல்லா நாளிதழ்களிலும் அடிக்கடி வருகிற ஒரு செய்தி உண்டு. கட்டட வேலையில் இருந்த தொழிலாளி இரும்புக் கம்பியைத் தூக்கியபோது மேலே சென்ற மின்கம்பியில் எதிர்பாராதவிதமாக உரசியது, சம்பவ இடத்திலேயே இறந்தார், உடல் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது, போலீசார் வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகின்றனர். அவ்வளவுதான், செய்தி முடிந்தது. இறந்தவரின் பெயர், வயது, எத்தனை பிள்ளைகள் என்பது வரைக்கும் இருக்கும். அந்த இடத்தில் வேலையை ஆரம்பிக்குமுன் மின் அலுவலகத்துக்கு யாராவது எழுத்தில் தெரிவித்தார்களா, லைனை நிறுத்தச் சொல்லிக் கேட்டார்களா என்பது மட்டும் இருக்காது. அதையும் கேட்டு எழுதுங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்க்கிறவன், சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் சட்டம் சொல்வது அப்படியொன்றும் புரியாத சமாசாரமும் இல்லை.

இந்தியாவில் இதற்கென்று இருப்பவை மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் கீழ் 2010இல் வந்து, 2023இல் புதிதாக மாற்றி எழுதப்பட்டவை. அதற்கு முன்னால் 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் இருந்தன, அடிப்படை அப்போதிருந்தே பெரிதாக மாறவில்லை. லைன் ஏற்கெனவே போகிற இடத்தில் ஒருவர் புதிதாகக் கட்டப்போகிறார், இருக்கிற வீட்டுக்கு மாடி எடுக்கப்போகிறார், ரோட்டின் மட்டத்தை உயர்த்தப்போகிறார் என்றால், லைனுக்குச் சொந்தமான நிறுவனத்துக்கும் அரசின் மின் ஆய்வாளருக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அளவு போட்ட வரைபடத்தையும் கூடவே கொடுக்க வேண்டும். நிரந்தர வேலை, தற்காலிக வேலை என்ற வித்தியாசம் கிடையாது. லைனுக்கு மேலுறை இருக்கிறதா இல்லையா என்ற வித்தியாசமும் கிடையாது. தெரிவிக்க வேண்டியவர்கள் யார் என்றால், வேலையைச் செய்யச் சொல்கிற உரிமையாளரும் அவர் அமர்த்துகிற ஒப்பந்தக்காரரும், இரண்டு பேருமே. லைனுக்கும் கட்டடத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி பற்றிய விதிகள் மீறப்படாது என்று ஆய்வாளர் சான்று கொடுக்கிற வரைக்கும் வேலையைத் தொடங்கவே கூடாது. கவனமாகச் செய்யுங்கள் என்று சொல்லி விட்டுவிடவில்லை, தொடங்காதே என்கிறது விதி.

இந்த விதியை எழுதியவர் நிச்சயம் ஒரு சைட்டில் கொஞ்ச நேரமாவது நின்று பார்த்திருக்கிறார் என்று நான் நினைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. கொடுக்க வேண்டிய வரைபடத்தில் கட்டடம் மட்டும் இருந்தால் போதாது, வேலை நடக்கும்போது கட்டப்போகிற சாரமும் இருக்க வேண்டும் என்கிறது. சான்றும் அப்படித்தான், கட்டி முடித்த பிறகு மட்டுமில்லை, கட்டுகிற காலத்திலும் இடைவெளி குறையாது என்பதற்கான சான்று. இது ஏன் முக்கியம் என்பதை அந்த அளவுகளை வைத்தே சொல்லிவிடலாம். தெருவில் வீடுகளுக்குப் போகிற சாதாரண எல்.டி. லைன், அதாவது குறைந்த அழுத்த லைன், கட்டடத்தின் மேலாகப் போனால் உச்சியிலிருந்து 2.5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், பக்கவாட்டில் போனால் 1.2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 11,000 வோல்ட் லைனுக்கு மேலே 3.7 மீட்டர், பக்கத்தில் அதே 1.2 மீட்டர். 33,000 வோல்ட் என்றால் பக்கத்தில் 2 மீட்டர். சரி, 1.2 மீட்டர் விட்டுத்தானே கட்டியிருக்கிறேன், எனக்கு என்ன என்று கேட்கிற வீட்டுக்காரர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். அது கட்டி முடித்த சுவருக்கான கணக்கு. அந்தச் சுவருக்குப் பூச்சு வேலை செய்யச் சாரம் கட்டினால், சாரமே ஏறக்குறைய அந்த 1.2 மீட்டரையும் தின்றுவிடும். அப்புறம் அதில் ஒரு கொத்தனார் நிற்பார், அவர் கையில் நீளமான மட்டப்பலகை இருக்கும், அவருடைய முதுகுக்குப் பின்னால் 11,000 வோல்ட் போய்க்கொண்டிருக்கும். கட்டடம் சட்டப்படி சரியாக இருக்கிறது, அதன் மேல் நடக்கிற வேலை சட்டப்படி சரியில்லை.

கம்பி தூக்குகிற வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். முறுக்குக் கம்பி முழு நீளத்தில் 12 மீட்டர் வரும். கீழே நிற்பவர் ஒரு முனையைத் தூக்கிக் கொடுக்க, மாடியில் இருப்பவர் அதைப் பிடித்து உள்ளே இழுப்பார். பாதிக் கம்பி உள்ளே போனதும் கைப்பிடிச் சுவர்தான் அதற்குத் தாங்குமுனை. உள்ளே இருப்பவர் தன் முனையைத் தாழ்த்தினால் வெளியே இருக்கிற முனை மேலே எழும்பும், அவர் ஓரடி பக்கவாட்டில் திரும்பினால் அதுவும் எதிர்ப்பக்கம் அதே அளவு திரும்பும். அவருடைய கண் தன் கையில் இருக்கிற முனையில்தான் இருக்கும், தளத்தில் ஏற்கெனவே கட்டியிருக்கிற கம்பிகளில் கால் இடறக்கூடாதே என்று பார்ப்பார், வால் எங்கே போகிறது என்று பார்க்க மாட்டார், பார்க்கவும் முடியாது. கீழே இருப்பவர் கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இரும்புக் குழாயும் அப்படித்தான், 6 மீட்டர் குழாயைத் தரையில் நட்டுக்குத்தாக நிறுத்தினாலே தெருவுக்குக் குறுக்கே போகிற எல்.டி. லைனுக்கு விதித்திருக்கிற 5.8 மீட்டர் உயரத்தைத் தாண்டிவிடுகிறது. இதனால்தான் இடைவெளி குறையக்கூடிய இடத்தில் கம்பி, குழாய் மாதிரியான பொருட்களைக் கொண்டுபோக வேண்டுமென்றால் அதற்கென்று நியமிக்கப்பட்ட ஆளின் நேரடி மேற்பார்வையில்தான் கொண்டுபோக வேண்டும் என்று விதி இருக்கிறது. அது மட்டுமில்லை, மின்சாரம் காற்றில் தாவுகிற தூரத்துக்குள் அவற்றைக் கொண்டுவரவே கூடாது. தொட்டால்தான் ஆபத்து என்று நம்முடைய ஆட்கள் முக்கால்வாசிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உயர் அழுத்தத்தில் தொட வேண்டியதே இல்லை, போதுமான அளவு கிட்டே போனாலே தாவிவிடும்.

இப்போது வழக்கமாக என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் கீறி லைனில் மாட்டிவிட்டு, பாதுகாப்பு பண்ணியாச்சு என்பார்கள். வெயிலில் காய்ந்து விரிசல் விடுகிற, காற்றில் நகர்ந்துபோகிற அந்தக் குழாய் உயர் அழுத்த மின்சாரத்தைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. அதை மாட்டுவதற்கு யார் லைன் பக்கத்தில் போனார்கள் என்று கேட்டால் அது இன்னொரு கதை. அதைவிட மோசமானது தெரிந்த ஆளுக்குப் போன் போட்டு, அரை மணி நேரம் பியூஸைப் பிடுங்கிக்கொடுங்கள் என்று கேட்பது. எழுத்து கிடையாது, லைனைத் தரையோடு இணைக்கிற எர்த் கிடையாது, எந்த லைனை நிறுத்தினார் என்பதும் நிச்சயம் கிடையாது. ஷிப்ட் மாறி வந்த இன்னொருவர் புகாரைப் பார்த்துவிட்டு பியூஸைத் திரும்பப் போட்டால் போச்சு. யாரோ ஒரு வீட்டில் ஜெனரேட்டரைச் சரியாக இணைக்காமல் ஓட்டினால், நிறுத்திய லைனிலேயே பின்பக்கமாக மின்சாரம் வந்துவிடும். மின் ஊழியர்கள் தாங்கள் லைனில் வேலை செய்ய எல்.சி. என்கிற லைன் கிளியர் அனுமதி வாங்கும்போது நிறுத்தி, மின்சாரம் இல்லை என்று சோதித்து, எர்த் போட்டு, வேலை முடிந்தபின் எழுத்தில் திருப்பிக் கொடுத்தால்தான் லைனைப் போட வேண்டும் என்பது முறை. பக்கத்தில் சாரத்தில் நிற்கிற கொத்தனாரின் உயிருக்கும் அதே முறை பொருந்தாதா?

இது நம் ஊர் அதிகாரிகள் பேப்பரில் எழுதிவைத்த நடைமுறைக்கு ஒத்துவராத கெடுபிடி என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். பிரிட்டனில் 1989ஆம் ஆண்டின் பணியிட மின்சார ஒழுங்குமுறைகள், மின்சாரம் ஓடுகிற கம்பிக்குப் பக்கத்தில் வேலை செய்வதையே விதிவிலக்காகத்தான் பார்க்கின்றன. மின்சாரத்தை நிறுத்துவது நியாயமாகச் சாத்தியமில்லை, நிறுத்தாமல் அங்கே வேலை செய்வதிலும் நியாயம் இருக்கிறது, அதோடு தகுந்த முன்னெச்சரிக்கையும் எடுத்தாகிவிட்டது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அனுமதி. அமெரிக்காவில் 2010இல் வந்த கிரேன் விதிகள், 350 கிலோவோல்ட் வரையிலான லைனுக்கு 20 அடிக்குள் கிரேனின் எந்தப் பாகமாவது போக வாய்ப்பிருக்கிறதா என்பதை வேலைக்கு முன்பே கணக்கிடச் சொல்கின்றன. லைனுக்குச் சொந்தமான நிறுவனம் மின்சாரத்தை நிறுத்திவிட்டதாக உறுதிசெய்து, வேலை நடக்கிற இடத்தில் கண்ணுக்குத் தெரிகிறபடி எர்த் போடும் வரைக்கும் அதில் மின்சாரம் இருப்பதாகவே வைத்துக்கொள் என்பது அங்கே விதி. இந்த நாடுகளில் எல்லாம் பொறுப்பு தொடங்குகிற இடம் ஒன்றுதான், வேலை தருகிறவரிடம்.

கிரேன் பேச்சு வந்ததால், இதையும் அச்சிட்டுவிடுங்கள், யாருக்காவது உதவும். கிரேனோ போர்வெல் வண்டியோ தூக்கிய டிப்பரோ லைனில் மாட்டிக்கொண்டால் டிரைவர் உள்ளேயே இருப்பதுதான் நல்லது, டயர் ரப்பர் காப்பாற்றும் என்று நம்பி இறங்கக் கூடாது. மற்றவர்கள் பக்கத்தில் போகக் கூடாது. வண்டி தீப்பிடித்து, இறங்கியே ஆக வேண்டுமென்றால் வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, அடி எடுத்து வைக்காமல் காலைத் தரையில் உரசியபடியே நகர்ந்து போக வேண்டும். லைன் டிரிப் ஆனது போலத் தெரிந்தாலும் அது தானாகவே திரும்ப வரக்கூடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செய்தியைப் படிக்கிறவர்களுக்குக் கடைசியில் மனதில் நிற்பது, பாவம், அவன் பார்த்துத் தூக்கியிருக்கக் கூடாதா என்பதுதான். ஆனால் வேலையின்போது நேர்ந்த சாவுக்கான இழப்பீட்டில் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. தொழிலாளி குடித்திருந்தார், சொன்னதை வேண்டுமென்றே மீறினார், பாதுகாப்பு உபகரணத்தை வேண்டுமென்றே கழற்றிவைத்தார் என்பவை மற்றக் காயங்களில் முதலாளிக்கு வாதமாகலாம். சாவு நேர்ந்தாலோ நிரந்தரமாக முழுவதும் முடங்கிப்போனாலோ அந்த வாதம் எடுபடாது. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. இது தெரியாமல், தப்பு நம்ம ஆள் மேலதான் என்று மேஸ்திரி சொன்னதை நம்பி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகிற குடும்பங்கள் உண்டு.

உரிமையாளர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. லைனை மாற்றியமைக்கிற செலவு, லைன் முதலில் வந்திருந்தால், கட்டுகிறவர் தலையில்தான் விழும். கடன் வாங்கி மாடி எடுக்கிறவருக்கு அது பெரிய தொகை. மனு போட்டால் எப்போது பதில் வரும் என்று யாருக்கும் தெரியாது, அதற்குள் சென்ட்ரிங் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் என் யோசனை, லைனை மாற்றுவதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கம்பி ஏற்றுகிற நாளுக்கும் கான்கிரீட் போடுகிற நாளுக்கும் எழுத்தில் ஷட்டவுன் கொடுப்பதை மின் அலுவலகங்கள் சுலபமாக்க வேண்டும். அதற்காகத் தெருவுக்கே கரண்ட் போகிறதே என்று முணுமுணுக்கிறவர்கள் முணுமுணுக்கட்டும். லைன் வைத்திருப்பவர்களும் தப்பித்துக்கொள்ள முடியாது. தெருவுக்குக் குறுக்கே போகிற உயர் அழுத்த லைனுக்கு 6.1 மீட்டர் என்று விதி இருக்கும்போது, கம்பம் சாய்ந்து, லைன் தொய்ந்து கிடந்தால் அதற்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். வெயிலிலும் லோடு ஏறும்போதும் லைன் இன்னும் தொய்யும் என்பதால் காலையில் அளந்தது மதியத்துக்குச் செல்லாது.

உங்கள் நிருபர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவுப்படி, மின்சார விநியோகத்தாலோ பயன்பாட்டாலோ உயிர் போனால் அதை மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும், அரசு விசாரிக்கச் சொல்லலாம். அந்த விசாரணையில் லைன் எவ்வளவு வோல்ட், கட்டடத்துக்கும் லைனுக்கும் எத்தனை மீட்டர், முன்கூட்டியே தெரிவித்தார்களா என்பதெல்லாம் வந்துவிடும். விபத்து நடந்த மறுநாள் அது கிடைக்காது, சில மாதம் கழித்துக் கேட்க வேண்டும்; கொடுக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. முதல் செய்தியைப் போட்ட அதே பக்கத்தில், அதே ஊர்ப் பெயரைப் போட்டு, உரிமையாளரும் ஒப்பந்தக்காரரும் மின் அலுவலகத்துக்குத் தெரிவித்திருந்தார்களா இல்லையா என்று இரண்டு வரி எழுதுங்கள். அதைப் படிக்கிற ஒப்பந்தக்காரர்கள் அடுத்த வேலைக்கு முன்னால் ஒரு மனுவாவது எழுதுவார்கள் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கட்டட மேற்பார்வையாளர்