ஆறு நாணுக்கான அளவு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா ஆசிகளுடன் எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலத்தையும் மாப்பிள்ளையின் நலத்தையும் அறிய ஆவலாக இருக்கிறோம்.

வீட்டில் செய்யும் நாண் ஆறியவுடன் விறைத்துவிடுகிறது, மென்மையாக வர என்ன செய்ய வேண்டும், ஒருவருக்கு எவ்வளவு மாவு போட வேண்டும் என்று கேட்டு நீ படத்துடன் அனுப்பிய செய்தியை அம்மா எனக்குப் படித்துக் காட்டினாள். பிறகு நானே எடுத்து மீண்டும் படித்தேன். நெடுநாள் கழித்து நீயாக ஒன்றைக் கேட்டிருக்கிறாய் என்பதில் எங்கள் இருவருக்கும் நிறைவு. இரண்டு வரியில் பதில் போட்டால் மாவு விஷயத்தில் அது உதவாது. நீ அடுப்படியில் வைத்துக்கொண்டு பார்த்துச் செய்யும்படி விரிவாக எழுதி மின்னஞ்சலில் அனுப்புகிறேன். அச்செடுத்து வைத்துக்கொள்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு என்று அளந்து பிசையாதே. ஒரு நாணுக்கு 50 கிராம் மாவு என்றால் அதற்கு அரை கிராம் ஈஸ்ட்தான் வரும், அதை எந்தக் கரண்டியாலும் சரியாக அளக்க முடியாது. சிறிது கூடினாலும் மாவு புளித்து, ஈஸ்ட் வாடைதான் மிஞ்சும். அவ்வளவு சிறிய உருண்டையைப் பிசையவும் கைக்குப் பிடி கிடைக்காது. ஆகவே ஆறு நாணுக்குப் பிசை. மாவு 300 கிராம், தயிர் 75 கிராம், பால் 75 மில்லி, தண்ணீர் 75 மில்லி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 தேக்கரண்டி, சர்க்கரை ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி. மாவைத் தராசில்தான் நிறுக்க வேண்டும், ஏனென்றால் ஒரே கப்பில் தூவி எடுத்தால் 120 கிராமும், அமுக்கி எடுத்தால் 150 கிராமும் வரும், அந்த வித்தியாசமே நாணை விறைக்க வைத்துவிடும். ஆறு நாண் என்பது இரண்டு பேருக்கு ஒரு வேளைக்குச் சரியாக இருக்கும். மாப்பிள்ளை பூண்டு நாண் என்றால் நான்கு சாப்பிடுவார் என்பது கல்யாணம் முடிந்து டெல்லிக்கு வந்தபோதே எங்களுக்குத் தெரியும். மீந்தவற்றை வைத்துக்கொள்ளும் வழியைக் கீழே எழுதியிருக்கிறேன்.

நாண் ஏன் விறைக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். மென்மை என்பது மாவுக்குள் தங்கிய ஈரம்தான். ராமகிருஷ்ணபுரம் வீட்டில் நாம் இருந்தபோது, நாம் பீஜி என்று அழைத்த பஞ்சாபிப் பாட்டி மாவைப் பிசைந்து ஈரத்துணியால் மூடிக்கொண்டு தந்தூர்க்காரரிடம் போவார், நீயும் அவர் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவாய். தெருவுக்கு ஒரு தந்தூர், அவரவர் வீட்டு மாவு என்ற அந்த வழக்கம் பஞ்சாப் கிராமங்களின் சாஞ்சா சூல்ஹாவிலிருந்து, அதாவது ஊருக்குப் பொதுவான அடுப்பிலிருந்து, வந்தது. 1947-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் அதை விடவில்லை. தந்தூரின் களிமண் சுவரின் சூடு 400 டிகிரி செல்சியஸைத் தொடும். அதில் ஒட்டிய நாண் ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடுவதால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற நேரமே இருப்பதில்லை. வீட்டுக் கல்லில் அதில் பாதிச் சூடுதான் கிடைக்கும், ஆகவே வேகும் நேரம் கூடும், ஈரமும் கூடுதலாகப் போகும். அந்த இழப்பை முன்கூட்டியே மாவில் சேர்த்துவிட வேண்டும். அதனால்தான் சப்பாத்தி மாவைவிடத் தளர்வாகப் பிசையச் சொல்கிறேன். தயிரின் புளிப்பும் பாலின் கொழுப்பும் எண்ணெயும் மாவின் இழுவையைத் தளர்த்தி, ஆறிய பிறகும் சில மணி நேரம் மென்மை குறையாமல் பார்த்துக்கொள்ளும்.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாணின் மேல் கொப்புளமே இல்லை, ஓரம் வெளுத்திருக்கிறது. மாவு கெட்டியாக இருந்திருக்கிறது, கல்லும் போதுமான அளவு காயவில்லை. பக்கத்தில் இருப்பது கனடாவின் ஆல் பர்ப்பஸ் மாவுப் பை என்று நினைக்கிறேன். அந்நாட்டின் சமவெளியில் விளையும் கடினக் கோதுமையில் அரைக்கும் அந்த மாவில் புரதம் நூற்றுக்குப் பதின்மூன்று வரை இருக்கும், நம் மைதாவில் அதைவிடக் குறைவு. புரதம் கூடினால் மாவு தண்ணீரை அதிகம் குடிக்கும், இழுவையும் அதிகமாக இருக்கும். நான் எழுதியிருக்கும் அளவு அந்த மாவுக்கானது. இந்தியக் கடையில் மைதா வாங்கினால் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி குறைத்துக்கொள். கிரேக்கத் தயிர் என்று விற்பதில் நீரை வடித்திருப்பார்கள், அதைப் போட்டால் தண்ணீரைக் கூட்ட வேண்டும்.

பாலையும் தண்ணீரையும் கலந்து, விரலை விட்டால் இதமான வெதுவெதுப்பாக, அதாவது 40 டிகிரிக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள். 60 டிகிரியில் ஈஸ்ட் செத்துவிடும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, மாவு தெரியாத அளவுக்குச் சேர்ந்தவுடன் பிசைவதை நிறுத்தி, மூடி, 20 நிமிடம் விட்டுவிடு. அந்த நேரத்தில் மாவு தானே நீரைக் குடித்து இளகும், அதற்குப் பிறகு ஏழெட்டு நிமிடம் பிசைந்தால் போதும். தொடக்கத்தில் மாவு விரலெல்லாம் ஒட்டும். அந்த ஒட்டலைப் பார்த்து எல்லோரும் மாவைத் தூவுவார்கள், அங்கேதான் காரியம் கெடுகிறது. நீ மாவைத் தூவாதே, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளித் தள்ளி மடி. ஒட்டுவது மெல்ல மெல்லக் குறைந்து, மேற்பரப்பு வழவழப்பாகி, தொட்டால் காது மடலைத் தொடுவது போல இருக்கும்போது நிறுத்து. நெல்லிக்காய் அளவு மாவைக் கிள்ளி இரு கைகளாலும் மெல்ல விரித்துப் பார்: கிழியாமல் வெளிச்சம் தெரியும் அளவுக்கு விரிந்தால் பிசைந்தது போதும்.

நீ இருக்கும் கல்கரி கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர். காற்றழுத்தம் குறைவு என்பதால் மாவு தாழ்வான ஊர்களைவிட வேகமாக எழும்பும், காற்று வறண்டது என்பதால் மூடாமல் விட்ட மாவு விரைவில் மேலே தோல் கட்டும். மாவு ஒரு மணி நேரத்திலேயே இரட்டிப்பாகலாம். கடிகாரத்தைப் பார்க்காதே, மாவைப் பார். அறை குளிர்ந்திருந்தால் அடுப்பை மூட்டாமல் ஓவனின் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வை. பாத்திரத்தை நன்றாக மூடு. பிசைந்த பிறகு மூடு, உருட்டிய பிறகு மூடு, சுட்ட பிறகும் மூடு. மைனஸ் 30 குளிரில் பனிச்சாலையில் தனியாக வண்டி ஓட்டி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மாவை மூடச் சொல்லித் திரும்பத் திரும்ப எழுத வேண்டியதில்லை என்று அம்மா சொல்கிறாள். அந்தச் சாலையில் நீ ஓட்டுவதை மலை மந்திர் முருகன் கோயிலில் பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வதும் அவள்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி ஏன் நின்றுபோனது என்று அவர்கள் கேட்கும்போது அவளுக்குச் சொல்லப் பதில் இல்லை, கண்ணம்மா.

மாவு எழும்பியதும் ஆறு உருண்டைகளாகப் பிரித்து, ஈரத்துணிக்கு அடியில் 15 நிமிடம் வை. இந்த இடைவெளி இல்லாமல் தேய்த்தால் மாவு பின்னால் இழுத்துக்கொள்ளும். நீ அதை அழுத்தி அழுத்தித் தேய்த்து மெல்லியதாக்குவாய், மெல்லிய நாண் வறண்டுவிடும். குழவியைக் கொஞ்சமாகப் பயன்படுத்தி, மீதியைக் கையால் இழுத்து நீட்டு. அரை சென்டிமீட்டர் கனம் இருக்கட்டும். கருஞ்சீரகம் தூவுவதானால் இப்போது தூவி இலேசாக அழுத்து.

அடுப்பு விஷயத்தை யோசித்துத்தான் எழுதுகிறேன். ஈரம் தடவிய பக்கத்தை இரும்புக் கல்லில் ஒட்டி, கல்லைத் தீயின் மேல் தலைகீழாகக் கவிழ்த்துச் சுடுவது நம் வீட்டு முறை. அதற்குக் கேஸ் அடுப்பு வேண்டும். உன் வீட்டில் கேஸ் அடுப்பு இருந்ததாகத்தான் எனக்கு நினைவு, இந்தப் படத்தில் இருப்பதோ சுருள் கம்பி மின்னடுப்பு. ஆகவே உனக்கு வேறு வழி சொல்ல வேண்டியிருக்கிறது. அடி தட்டையான வார்ப்பிரும்பு வாணலியை ஐந்தாறு நிமிடம் நன்றாகக் காயவிடு. தண்ணீர் தெளித்தால் துளிகள் ஓட வேண்டும். ஓவனின் தட்டை மேலே வைத்து, மேலிருந்து சூடு தரும் பிராய்லரை அதிகச் சூட்டில் போட்டுவை. நாணை எண்ணெய் இல்லாமல் வாணலியில் போட்டு, ஒரு நிமிடத்தில் மேலே குமிழ்கள் எழும்பியதும் வாணலியுடன் பிராய்லருக்கு அடியில் தள்ளு. ஒரு நிமிடம், அதிகம் போனால் ஒன்றரை நிமிடம். கொப்புளங்கள் மட்டும் கருகிப் புள்ளி விழ வேண்டும். அந்த நேரத்தில் தொலைபேசியை எடுக்காதே, அடுத்த அறைக்குப் போகாதே. வாணலியின் பிடி நெருப்பாகச் சுடும், தடித்த கையுறை போட்டுக்கொள். புகை எச்சரிக்கைக் கருவி அலறாமல் இருக்கப் புகைபோக்கியை முதலிலேயே ஓடவிடு. வீட்டில் இன்னொருவர் இருந்தால் ஒருவர் தேய்க்க, ஒருவர் சுடலாம். தனியாகச் செய்யும்போது ஆறையும் முதலிலேயே தேய்த்து, இடையில் பட்டர் பேப்பர் போட்டு மூடி வைத்துக்கொண்டு, அதன் பிறகு அடுப்பு மூட்டு. ஓவனில்லாமல் வாணலியில் மட்டும் சுடுவதானால், திருப்பிப் போட்டதும் இறுக்கமான மூடியால் மூடு, ஆவியில் மேல்புறம் இளகும்.

பூண்டை மாவில் வைத்துச் சுட்டால் கருகிக் கசக்கும். உருக்கிய நெய்யில் நசுக்கிய பூண்டையும் கொத்தமல்லியையும் கலந்து, சுட்டவுடன் தடவு. தடவியதும் பருத்தித் துணி விரித்த டப்பாவுக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி மூடு. மேலோடு தன் ஆவியிலேயே இளகுவது இங்கேதான். தட்டில் திறந்து வைத்தாயானால் இவ்வளவு நேரம் நீ பட்ட பாடெல்லாம் பத்து நிமிடத்தில் வீணாகிவிடும்.

இப்போது மீந்தவற்றுக்கு வருகிறேன். பிசைந்த மாவு ஃப்ரிட்ஜில் மூன்று நாள் இருக்கும், எண்ணெய் தடவிய டப்பாவில் மூடி வை. இரண்டாம் நாள் மாவுக்குச் சுவை கூடும். எடுத்தவுடன் தேய்க்காமல் ஒரு மணி நேரம் வெளியே வைத்துக் குளிர் விட்ட பிறகு தேய். சுட்ட நாணை மட்டும் ஃப்ரிட்ஜில் வைக்காதே. அந்தக் குளிரில் அதன் மாவுச்சத்து வெளியே இருப்பதைவிட வேகமாக இறுகிவிடும். முழுவதும் ஆறவிட்டு, இடையில் பட்டர் பேப்பர் வைத்து, காற்று நீக்கிய பையில் ஃப்ரீசரில் வை. ஒரு மாதம் தாங்கும். வேண்டும்போது ஒன்றை எடுத்து, இரு பக்கமும் தண்ணீர் தெளித்து, காய்ந்த வாணலியில் மூடி ஒரு நிமிடம் சுட்டால் அன்று செய்தது போலவே இருக்கும். வேலை முடிந்து இரவு வரும் நாளில் பிரெட்டையும் ஜாமையும் தின்றுவிட்டுப் படுக்காமல் இதை எடுத்துச் சூடாக்கிச் சாப்பிடு, ஒரு கிண்ணம் பருப்பாவது வைத்துக்கொள். அதனால்தான் ஆறாகச் செய்யச் சொல்கிறேன். ஒருவருக்குச் செய்தாலும் ஆறாகவே செய். நீ ஏன் ஒருவருக்குக் கேட்டாய் என்று நான் கேட்கவில்லை, நீயாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன். அது எதுவானாலும், இந்த வீட்டில் அதற்காக யாரும் உன்னிடம் குரலை உயர்த்த மாட்டார்கள். அம்மாவின் பாஸ்போர்ட்டும் புதுப்பித்து வந்துவிட்டது, விசாவுக்கு எழுதிப்போட உன்னிடமிருந்து ஓர் அழைப்புக் கடிதம் வந்தால் போதும்.

நம் வீட்டு இரும்புக் கல் அடி தட்டையானது, உன் மின்னடுப்பில் சரியாக உட்காரும். அதைத் தேய்த்து எண்ணெய் தடவி, கருஞ்சீரகமும் கஸ்தூரி மேத்தியும் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா

பி.கு.: ஈஸ்ட் பழையதாக இருந்தால் மேலே எழுதியது எதுவும் பலிக்காது. கால் கப் வெதுவெதுப்பான நீரில் சர்க்கரையுடன் ஒரு தேக்கரண்டி போட்டுப் பார். பத்து நிமிடத்தில் நுரை கட்டவில்லையென்றால் அந்தப் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கு.