டோக்கியோவில் ஓட்டத்தைப் படமெடுக்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

மார்ச் முதல் ஞாயிறு டோக்கியோ மாரத்தானில் உன் ஆபீஸ் ஆட்கள் நான்கைந்து பேர் ஓடுகிறார்கள், படமெடுக்கும் பொறுப்பு உன் தலையில் என்று சொன்னாய். அது முடிந்த கையோடு ஃபூஜி மலையைப் பார்க்கக் கவாகுச்சிகோவுக்கும் போகிறாய். போனில் சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவாய் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா ஸ்டுடியோவுக்குள் கல்யாண ஆல்பங்களோடு இருந்த வருஷங்களில் வெளிவேலை எல்லாம் என் பங்கு. மெரினா ஓட்டங்களிலும் மாமல்லபுரத்துக் கூட்டத்திலும் நின்று நான் கற்றுக்கொண்டதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஓடுகிறவர்கள் ஓடட்டும், நீ ஓடாதே. புதிதாக வருகிறவர்கள் இங்கே நாலு படம், மெட்ரோ ஏறி அங்கே நாலு படம் என்று ஊரெல்லாம் அலைவார்கள். கடைசியில் பார்த்தால் பாதிக்கு மேல் முதுகுதான் இருக்கும். ஓர் இடத்தைப் பிடித்து அங்கேயே நில். பின்னணியை முதலில் முடிவு செய்துகொள், ஆள் தானாக வந்து சேருவார். அசாகுசா கோயிலின் காமினாரிமோன் வாசலைப் படத்தில் பார்த்திருப்பாய், 3.9 மீட்டர் உயரமும் 700 கிலோ எடையுமாக அந்தப் பெரிய சிவப்பு விளக்கு தொங்குமே, அதுதான். அது தெற்குப் பார்த்த வாசல். ஷின்ஜுகுவில் காலையில் கிளம்புகிறவர்கள் அங்கே வரும்போது வெயில் தென்கிழக்கிலிருந்து வாசல் மேல் விழும். நல்ல இடம்தான், ஆனால் சுற்றுலா வந்தவர்களும் வேடிக்கை பார்க்கிறவர்களும் சேர்ந்து கூட்டம் அள்ளும்.

என்னைக் கேட்டால் நகர நடுவிலிருக்கும் ஹிபியாவுக்குத் தெற்கே போய், அதே சாலையில் திரும்பி வரும் பகுதியில் நில். முப்பது கிலோமீட்டர் தாண்டிய பிறகு வருகிற பாதை அது. ஒரே ஆள் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை உனக்குக் கிடைப்பார். போகும்போது கையசைத்தவர் வரும்போது உன்னைக் கவனிக்கவே மாட்டார். தோள் இறங்கியிருக்கும், வாய் திறந்திருக்கும், கண் எங்கேயோ நிலைகுத்தியிருக்கும். அந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொடுத்தால் அவர் ஆயுசுக்கும் வைத்திருப்பார்.

ஷட்டர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். முன்னணியில் வருகிறவர்கள் வினாடிக்குக் கிட்டத்தட்ட 6 மீட்டர் போகிறார்கள். ஷட்டரை 1/250 வினாடியில் வைத்தால் அது மூடுவதற்குள் உடம்பு 2 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும், வீசுகிற காலும் கையும் அதைவிட வேகம். 1/1000-க்குக் கீழே இறங்காதே. வெளிச்சம் போதவில்லையென்றால் கேமராவின் ஒளியுணர்வை, அதாவது ஐஎஸ்ஓவை, ஏற்று, கொஞ்சம் புள்ளி தெரிந்தால் பரவாயில்லை. ஃபோகஸைத் தொடர்ச்சியாகப் பின்தொடரும்படி வை, முகத்தைப் பிடிக்கட்டும்.

எந்தக் கணத்தில் அழுத்துவது என்பதுதான் இந்த வேலையின் உயிர். கால் தரையில் மோதும் கணத்தில் எடுத்தால் கன்னமும் தொடையும் குலுங்கியிருக்கும், எவ்வளவு ஒல்லியான ஆளும் களைத்துக் கனத்துத் தெரிவார். இரண்டு காலும் தரையை விட்டிருக்கும்போது, முன் முட்டி உயர்ந்திருக்கும்போது எடு. பறப்பதுபோல இருக்கும். தூரத்தில் வரும்போதே அவர் கால் தாளத்தை மனதுக்குள் எண்ணிக்கொண்டால் அந்தக் கணம் கைக்கு வந்துவிடும். கொஞ்சம் குனிந்து, அவர் இடுப்பு உயரத்திலிருந்து எடு. நெஞ்சில் குத்தியிருக்கும் எண் முழுசாகத் தெரியவேண்டும், பிறகு ஆளைத் தேட அதுதான் வழி.

பின்னணி அழகாக இருந்தால் அதற்கு அடிமையாகிவிடுவோம். செஸ் ஒலிம்பியாட்டுக்காக 2022-ல் நம் நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? அதன் மேல் ஓடினவர்களை எடுத்த பல படங்களில் கட்டம் பளிச்சென்று இருக்கும், ஓடுகிறவர் அதற்குள் காணாமல் போயிருப்பார். லென்ஸின் துவாரத்தை 2.8-லோ 4-லோ வைத்து அகலமாகத் திறந்து பின்னால் இருப்பதைக் கரையவிடு. சிவப்பு விளக்கு சிவப்பாகத் தெரிந்தால் போதும், அதன் எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் பழகினால் வந்துவிடும். நான் முக்கியமாகக் கேட்பது வேறு. ஏழு மணி நேரக் கெடு வைத்த ஓட்டம் அது. ஐந்து மணி நேரம் தாண்டினதும் கேமராக்காரர்களில் பாதிப்பேர் கிளம்பிவிடுவார்கள். நீ கிளம்பாதே. ஆறரை மணி நேரத்தில் வருகிறவரும் அதே 42 கிலோமீட்டரைத்தான் ஓடியிருக்கிறார், வெயிலிலும் குளிரிலும் கூடுதல் நேரம் நின்றிருக்கிறார். அவரை எடுக்கத்தான் ஆள் இருக்காது.

1967 பாஸ்டன் மாரத்தானை எடுத்துக்கொள். அந்த வருஷம் ஜெயித்தவர் நியூசிலாந்தின் டேவ் மெக்கென்ஸி. அவர் படத்தை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? கேத்ரின் ஸ்விட்சர் படத்தை உலகமே பார்த்துவிட்டது. பெண்கள் மாரத்தான் ஓடக்கூடாது என்றிருந்த காலம். கே. வி. ஸ்விட்சர் என்று பதிந்து, 261 என்ற எண்ணைக் குத்திக்கொண்டு ஓடினார். ஜாக் செம்பிள் என்ற அதிகாரி பாய்ந்து வந்து அந்த எண்ணைப் பிய்க்கப் பார்த்தார். கூட ஓடிய காதலர் தோளால் இடித்து அவரைத் தள்ளிவிட்டார். பத்திரிகைக்காரர்களின் வண்டி அப்போது ஸ்விட்சருக்குச் சற்று முன்னால் போய்க்கொண்டிருந்தது, அதிலிருந்தவர்கள் வரிசையாக எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். ஸ்விட்சர் ஓடி முடித்தார். பாஸ்டனில் பெண்களை அதிகாரபூர்வமாகச் சேர்த்தது 1972-ல். 2017-ல், 70 வயதில், அதே எண்ணோடு மறுபடி அங்கே ஓடினார். படம் மட்டும் இல்லாமலிருந்தால் அன்று நடந்தது ஒரு பெண்ணின் வாய்வார்த்தையாக நின்றிருக்கும், ‘அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை’ என்று சுலபமாகச் சொல்லியிருப்பார்கள். கூட்டத்தின் நடுவில் ஓடிய ஒருத்தியின் பக்கம் அன்று கேமராக்கள் திரும்பின. அதனால்தான் சொல்கிறேன், முதல் பத்துப் பேரைப் பார்த்துக்கொள்ள டிவிக்காரர்கள் இருக்கிறார்கள்.

சரி, கவாகுச்சிகோ. ஏரிக்கரை ஊர் அது. அங்கே லாசன் என்ற பலசரக்குக் கடையின் கூரைக்கு மேல் ஃபூஜி உட்கார்ந்திருப்பதுபோல ஒரு படம் உலகம் பூராவும் பரவியது. அதே படம் வேண்டுமென்று வந்தவர்கள் நடுரோட்டில் நின்றார்கள், குப்பை போட்டார்கள், பக்கத்திலிருந்த பல் மருத்துவமனை இடத்தில் வண்டியை நிறுத்தினார்கள். 2024 மே மாதம் ஊர் நிர்வாகம் 20 மீட்டர் நீளத்துக்கு, 2.5 மீட்டர் உயரத்தில் கறுப்புத் திரை கட்டி மலையை மறைத்தது. ஆகஸ்டில் அதைக் கழற்றினார்கள். ஆனாலும் ஓர் ஊர் தன் மலையைத் தானே மறைக்கும் அளவுக்கு நாம் போயிருக்கிறோம் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. நீ அந்தக் கடைக்கு எதிரே நிற்க வேண்டாம். யாராவது எடுத்த படத்தையே போய் எடுத்துவர உனக்கு எதற்கு இவ்வளவு செலவு?

ஏரியின் வடகரைக்குப் போ. அங்கிருந்து மலை தெற்கே இருக்கும், நடுப்பகலில் வெயில் மலைக்குப் பின்னாலிருந்து உன் முகத்தில் அடிக்கும். காலையிலோ சாயங்காலமோ பக்கவாட்டு வெயிலில்தான் பனியின் மடிப்புகள் தெரியும். காலைதான் நல்லது, நேரமாக ஆக மேகம் ஏறிவிடும்.

ஆனால் எங்கே போனாலும் விடியற்காலை போ என்று சொல்கிறவர்களை அப்படியே நம்பாதே. மாமல்லபுரம் அர்ஜுனன் தபசு கிழக்குப் பார்த்த பாறை. விடிந்ததும் போனால் வெயில் நேராக முகத்தில் விழுந்து சிற்பம் தட்டையாகத் தெரியும். பத்து, பதினொரு மணிக்கு வெயில் மேலிருந்து பாறையை உரசிக்கொண்டு இறங்கும்போதுதான், கையைத் தூக்கித் தவம் செய்யும் அந்தப் பூனையும் அதன் காலடி எலிகளும் உயிரோடு எழுந்து வரும். மதியத்துக்குப் பிறகு நிழல்தான். எந்த இடமானாலும் அது எந்தத் திசை பார்த்திருக்கிறது என்று முதலில் பார்.

வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தள்ளுவதுபோல நிற்காத ஆள் கிடையாது. நான் அவர்களையும் எடுத்திருக்கிறேன். அதைவிட, பக்கத்துச் சரிவில் சறுக்கிச் சறுக்கிப் பாறையையே வழவழப்பாக்கிவிட்ட பிள்ளைகளின் படங்கள்தான் எனக்குப் பிடிக்கும். கவாகுச்சிகோவிலும் அப்படி ஏதாவது இருக்கும், மலைக்கு முதுகைக் காட்டி ஒரு பத்து நிமிஷம் சும்மா நில். யாரையாவது கிட்டத்தில் எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடு, அந்த ஊரில் அதை ரொம்ப முக்கியமாக நினைப்பார்கள்.

அப்புறம், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்று பேட்டரியைப் பையில் போடாமல் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள். விரல் நுனி திறந்த கையுறை வாங்கு. படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, சுருங்கிவிடும். டிரைவில் முழு ஃபைலாகப் போடு, கடைசியில் வந்தவர்களின் படங்களைத் தனி ஃபோல்டராக. அவற்றைப் பெரிதாகப் பிரிண்ட் போட அப்பா இப்போதே பேப்பர் எடுத்து வைத்துவிட்டார்.

அன்புடன்,
அம்மா