செபம் வரவில்லை என்றாயே

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் கதைக்கும்போது, "செபம் பண்ண உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது அம்மா, ஒரு சொல்லும் வருவதில்லை" என்றாய். பக்கத்தில் பெரியம்மா இருந்ததால் நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

நிச்சயம் பண்ணின கலியாணம் நின்றுபோனதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதில் எனக்குத் தெரிந்ததைவிட உனக்குத்தான் கூடத் தெரியும். பெரியம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பினாவே, விசுவாசம் உள்ளவள் இப்படி உடைந்துபோக மாட்டாள், தோத்திரம் சொல்லு, எல்லாம் ஆறும் என்று, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவ நல்ல மனசோடுதான் அனுப்பியிருப்பா. ஆனால் வேதாகமத்தில் நான் வாசித்தது வேறு.

13ஆம் சங்கீதத்தை எடுத்துப் பார். எவ்வளவு காலத்துக்கு என்று தொடக்கத்திலேயே நாலு தரம் கேட்கிறது. கடைசியில் கொஞ்சம் தெளிகிறது, சரி. 88ஆம் சங்கீதம் தெளியவே இல்லை, இருட்டோடு முடிந்துவிடுகிறது. நன்றி என்று ஒரு வரிகூடக் கிடையாது. ஆனாலும் அதை யாரும் வெட்டி எறியவில்லை, செபமாகத்தான் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். ஏன் என்னைக் கைவிட்டீர் என்று இயேசு சிலுவையில் கேட்டதும் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரிதான். அவருக்கும் விசுவாசம் குறைவா?

வேதாகமத்தில் வரும், பிள்ளை இல்லாத அன்னா கோயிலில் அழுதபோது உதடு மட்டும்தான் அசைந்தது. குரு ஏலி, அவள் குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டார். அதைப் பார்த்தால் பெரியம்மா பரவாயில்லை.

எனக்குப் பிடித்தது தீர்க்கதரிசி எலியாவின் கதை. போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு ஒரு செடியின் கீழ்ப் படுத்துவிடுகிறார். கடவுள் அவரை ஏசவில்லை, உபதேசமும் பண்ணவில்லை. தூதர் வந்து தட்டி எழுப்பி, எழும்பிச் சாப்பிடு என்கிறார். தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்திருக்கிறது. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுக்கிறார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறார். மலைக்குப் போவது, கடவுளின் குரலைக் கேட்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். அதனால் இரவில் பிஸ்கட்டும் தேத்தண்ணியும் குடித்துவிட்டு, செபம் வரவில்லை என்று முழித்துக்கொண்டிருக்காதே. முதலில் சோறு சாப்பிடு, படு.

இங்கே கொழும்பில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் உனக்கு நினைவிருக்கும். 2019 உயிர்த்த ஞாயிறன்று அங்கே குண்டு வெடித்த பிறகு பூட்டிக் கிடந்தது, முழுதாகத் திறந்தது ஜூன் 12, திருநாளுக்கு முதல் நாள்தான். சனம் வெளியே ரோட்டில் நின்று மெழுகுதிரி கொளுத்தினார்கள். அங்கே ஒருவரும் தோத்திரம் சொல்லவில்லை. பலருக்கு வாயில் வந்தது "ஏன் அந்தோனியாரே" என்ற ஒரு கேள்விதான். சிலர் மதிலைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார்கள். நானும் நின்றேன். அதைச் செபம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் கேட்கமாட்டேன்.

நீயும் அப்படியே செய். அழுகை வந்தால் ஆண்டவருக்கு முன்னால் இருந்து அழு. கோபம் வந்தால் அதையும் அவரிடமே சொல்லு. சொல் ஒன்றும் வராவிட்டால் செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டிரு. பிடிபடுவதற்கு முன் கெத்சமனித் தோட்டத்தில் செபித்தபோது இயேசுவும் திரும்பத் திரும்ப ஒரே வார்த்தைகளைத்தான் சொன்னார் என்று மத்தேயு எழுதியிருக்கிறார்.

அப்புறம், நித்திரை வராதது இப்படியே போனால் அங்கே டொக்டரிடம் போ. கவுன்சிலிங் என்றால் அதற்கும் போ. செபம் பண்ணுகிறவள் டொக்டரிடம் போகக்கூடாது என்று எந்தச் சுவாமியும் எனக்குச் சொன்னதில்லை. போகும் திகதியை எனக்கு எழுது, அன்றைக்கு நான் பூசைக்குப் போவேன்.

பெரியம்மாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். நீ பதில் போடாதே, போட்டால் இன்னும் நாலு வீடியோ வரும்.

அம்மா
கொழும்பு